தாம்பரத்துச் சித்தப்பா

தென் மாவட்டத்துக் குடும்பம் எதுவானாலும் அதற்குச் சென்னையில் ஒரு சித்தப்பா இருப்பார். சில வீடுகளில் அவர் பெரியப்பா. சில வீடுகளில் மாமா. ஒன்றுவிட்ட அத்தானாக இருந்தும் பார்த்திருக்கிறேன். உறவுமுறை மாறலாம், இருப்பிடம் மாறாது. தாம்பரம், தப்பினால் சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம். கோவை, ஈரோட்டு வண்டிகள் சென்ட்ரலுக்குப் போவதால் அந்தப் பக்கத்தவர்களுக்குப் பெரம்பூரிலோ அம்பத்தூரிலோ வேறொரு சித்தப்பா உண்டு. அவரைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் யாராவது எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்தவர் தாம்பரத்துக்காரர்.

இவரை அடையாளம் காண்பது எளிது. ஊரிலிருந்து போன் போட்டு, "சித்தப்பா, வெள்ளிக்கிழமை மெட்ராஸ் வாரேன்" என்று சொல்லிப் பாருங்கள். எதற்கு வருகிறாய், யாரெல்லாம் வருகிறீர்கள், எத்தனை நாள் இருப்பாய், எதையும் கேட்க மாட்டார். "எந்த வண்டி?" என்பார். நெல்லையோ, பொதிகையோ, முத்துநகரோ, நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"எக்மோர் வரைக்கும் எதுக்குப் போற? தாம்பரத்துலயே இறங்கிரு."

எழும்பூருக்கு அங்கிருந்து இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கிறது. வண்டியிலேயே படுத்திருந்தால் முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சம் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறேன் என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. தாம்பரத்துல இறங்கி வீட்டுக்கு வா. குளிச்சு, ரெண்டு இட்லி சாப்பிட்டு, எலெக்ட்ரிக் டிரெயின்ல ஏறுனா நேரா எக்மோர்தான்" என்றார் சித்தப்பா. வந்தவரும் அப்படியே செய்தார். வேறு வழியில்லை. ஏனென்றால் சித்தப்பா அன்றிரவு தூங்கவில்லை. வண்டி எங்கே வருகிறது என்று செல்போனில் பார்த்துக்கொண்டே இருந்து, விழுப்புரத்தில் ஒரு தடவை, மேல்மருவத்தூரில் ஒரு தடவை எழுப்பிவிட்டார். செங்கல்பட்டில் மூன்றாவது போன்: "பெட்டியெல்லாம் எடுத்து வாசல்கிட்ட வச்சிரு. தாம்பரத்துல ரொம்ப நேரம் நிக்க மாட்டான்." செங்கல்பட்டிலிருந்து தாம்பரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரமும் கழிப்பறை வாசலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு சித்தப்பாவின் விருந்தாளிகள்தான்.

இறங்கியதும் அடுத்த கட்டம். தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கில் ஒரு வாசல், மேற்கில் ஒரு வாசல். மேற்கில் இறங்கினால் ஜிஎஸ்டி ரோடு, பஸ், கூட்டம், வெளிச்சம். ஜனம் பூராவும் அந்தப் பக்கம்தான் போகும். சித்தப்பா நிற்பது கிழக்கில்.

"சித்தப்பா, இறங்கிட்டேன். எங்கன நிக்கீங்க?"

"கிழக்குப் பக்கமா வெளிய வா."

"கிழக்கு எது சித்தப்பா?"

"சூரியன் உதிக்கிற பக்கம்டே!"

மணி நாலே முக்கால். வானம் கன்னங்கரேலென்று கிடக்கிறது. விருந்தாளி கூட்டத்தோடு மேற்கே இறங்கி, ஜிஎஸ்டி ரோட்டில் நின்று போன் போடுவார். "நீ அங்கனயே நில்லு, நான் வாரேன்" என்று சித்தப்பா நடைமேம்பாலத்தில் ஏறுவார். பெரியவரை அலைய விடக்கூடாதென்று விருந்தாளியும் இரண்டு பெட்டி, ஒரு சாக்குப்பையோடு அதே பாலத்தில் வேறு படிக்கட்டில் ஏறுவார். பாலம் நீளம், கூட்டம் அதிகம், இருவருமே காதில் போனை வைத்துக்கொண்டு குனிந்து நடப்பவர்கள். முடிவில் சித்தப்பா மேற்கிலும் விருந்தாளி கிழக்கிலும் நிற்க, பொழுது விடிந்து கிழக்கு எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

சித்தப்பா தன்னைச் சென்னைக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். அரசாங்கம் ஒத்துழைக்க மறுக்கிறது. 2019-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது அவரைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் போட்டார்கள். 2021-ல் தாம்பரமே தனி மாநகராட்சி ஆனது. சென்னை மாநகராட்சிக்கு அவர் ஒரு பைசா வீட்டு வரி கட்டியதில்லை. "தாம்பரமா? ஊருக்குப் போறப்ப வழியில வருமே" என்று அலுவலகத்தில் ஒரு மயிலாப்பூர்க்காரர் சொன்னதை மனதில் வைத்திருந்து, கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிய மைத்துனர் வந்த அன்று இறக்கிவைத்தார்: "கூடுவாஞ்சேரியெல்லாம் ஒரு சென்னையா? அது செங்கல்பட்டு மாவட்டம்லா." தானும் அதே மாவட்டம் என்பதை மைத்துனர் எடுத்துச் சொன்னபோது, "நாங்க பழைய பெருநகர எல்லைக்குள்ள வாரோம்" என்று பதில் வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் 2022-ல் அந்த எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரித்து, ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் பக்கம் வரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அன்றைய பேப்பரைச் சித்தப்பா மடித்து வைத்துவிட்டார். "அரக்கோணம் சென்னைன்னா, திருநெல்வேலியும் சென்னைதான். நான் எதுக்கு இங்க வந்து கஷ்டப்படணும்?"

பேச்சிலும் அவருக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு. ஆட்டோக்காரரிடம் "இன்னா தல, சேலையூருக்கு இவ்ளோ கேக்குற?" என்று ஆரம்பிப்பார், கூட வந்த மருமகனிடம் திரும்பி, "ஏறுடே, இவன் இதுக்கு மேல இறங்க மாட்டான்" என்று முடிப்பார்.

இனி வீடு. வருகிறவர்கள் எல்லோரும் காரணத்தோடுதான் வருகிறார்கள்: கண் ஆபரேஷன், அமெரிக்க விசா நேர்காணல், பெண்ணுக்குக் கல்யாணப் பட்டு, பையனுக்குப் போட்டித் தேர்வு. காரணம் எதுவானாலும் சாக்குப்பை ஒன்றுதான். சித்தி அதைப் பிரிப்பதை நின்று பார்க்க வேண்டும். மேலே முருங்கைக்காய், அதன் கீழே தேங்காய், வாழைப்பூ, நார்த்தங்காய். எல்லாவற்றுக்கும் அடியில் எண்ணெய் கசியும் அட்டைப்பெட்டியில் அல்வா. "எதுக்கு இதெல்லாம்" என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் எடை பார்ப்பாள். வாரம் ஒருவர் வந்தால் வாரம் ஒரு கிலோ அல்வா, சித்தப்பாவுக்குச் சர்க்கரை. ஆகவே அது பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் தூத்துக்குடிக் குடும்பம் ஒன்றின் சித்தப்பா. அங்கிருந்து மக்ரூன் வரும். எதிர்வீட்டார் சாத்தூர், சேவு வரும். தெருவே இப்படித்தான் பண்டமாற்றில் நடக்கிறது. போன தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த அல்வா, தான் பத்து நாளைக்கு முன் கொடுத்தனுப்பியதே என்று சித்திக்குச் சந்தேகம். பெட்டியின் ஓரத்தில் தன் கையால் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்ததாம்.

சித்தப்பாவின் பெருமை அல்வாவில் இல்லை, வழி சொல்வதில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தைப் போட்ட கான்ட்ராக்டர் தோரணையில்தான் அவர் அதைப் பற்றிப் பேசுவார். மெட்ரோ விமான நிலையத்தோடு நின்று, தாம்பரம் வராமல் போனதில் அவருக்கு வருத்தம் கிடையாது. "அது பணக்காரன் வண்டி. ஏசியில தூங்கிட்டான்னா இறங்க வேண்டிய இடம் போயிரும்." 2025-ல் மின்சார ரயிலிலேயே ஏசி வண்டி விட்டபோது இந்தக் கொள்கையைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

அவருடைய ரகசிய ஆயுதம் திரிசூலம். அந்த ஸ்டேஷனில் இறங்கிச் சுரங்கப்பாதையில் நடந்தால் எதிரே விமான நிலையம். ஊர் உலகத்தில் பாதிப்பேருக்கு இது தெரியாது என்பது அவர் எண்ணம். டல்லஸுக்குப் புறப்பட்ட தங்கை மகளையும் மாப்பிள்ளையையும், ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ கொண்ட இரண்டிரண்டு பெட்டிகளோடு, மின்சார ரயிலில் ஏற்றி அனுப்பியே தீருவேன் என்று நின்றார். மாப்பிள்ளை டாக்சி போடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னார். "டாக்சிக்காரன் பல்லாவரத்துல மாட்டிக்குவான் மாப்ள. ஃப்ளைட் காத்திருக்குமா?" ராத்திரி பத்து மணி ரயில். பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சித்தப்பாவும் ஏறினார். சித்தி இட்லிப் பொடியோடு ஏறினாள். திரிசூலத்தில் பெட்டி மூன்று இறங்கியது. நாலாவது மீனம்பாக்கம் வரை போய்த் திரும்பி வந்தது. விமானம் கிடைத்துவிட்டது. சித்தப்பா இன்றைக்கும் அதைத் தன் திட்டத்தின் வெற்றியாகத்தான் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மெரினா. இதற்கு விலக்கு கிடையாது. கண்ணில் கட்டுப் போட்டவரைக்கூட அழைத்துப் போயிருக்கிறார். பழைய நாளில் பட்டியல் பெரிது. ஊரார் பேச்சில் எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இரண்டையும் பார்க்காமல் திரும்புவது பாவம். மிருகங்கள் 1985-ல் வண்டலூருக்குக் குடிவந்து சித்தப்பாவுக்குப் பக்கத்து ஊராகிவிட்டதால், அது இப்போது மழை பெய்யாத திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்ட நிகழ்ச்சி. ஞாயிறு கடலுக்குத்தான்.

போகும் வழியில் பிள்ளைகளுக்கு முதல் ஏமாற்றம் நேரும். ரயிலில் 'கடற்கரை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது நேரே மணலில் போய் நிற்கும் என்று நம்பி வந்திருப்பார்கள். பீச் ஸ்டேஷனில் பீச் கிடையாது. துறைமுகச் சுவரும் கன்டெய்னர் லாரியும்தான் இருக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருந்து, பார்க் ஸ்டேஷனில் திடீரென்று எல்லோரையும் இறக்கி, எதிரே பறக்கும் ரயிலில் ஏற்றித் திருவல்லிக்கேணியில் கொண்டுபோய் விடுவதில் சித்தப்பாவுக்கு ஒரு மந்திரவாதியின் சந்தோஷம்.

மணலில் கால் வைத்ததும் விரிவுரை தொடங்கும். "உலகத்துலயே ரெண்டாவது நீளமான பீச்." முதலாவது எது என்று இதுவரை எந்த விருந்தாளியும் கேட்டதில்லை, கேட்டால் நாம் தாங்க மாட்டோம். ஆனால் மனிதர் வெறும் புருடா ஆசாமி இல்லை. "இந்த மணல் அப்போ இவ்ளோ கிடையாது தெரியுமா? கடல் ரோட்டுப் பக்கத்துல இருந்துச்சு. ஹார்பர் கட்டுனப்புறம் தெக்கேயிருந்து வர்ற மணல் அங்க முட்டி இங்க தங்கிருச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரைய அரிச்சுட்டு." இது அத்தனையும் சரியான தகவல். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்ததையும் சொல்வார். அதற்குள் பிள்ளைகள் குதிரைக்காரரிடமும், பெண்கள் மிளகாய் பஜ்ஜிக் கடையிலும், மருமகன் பலூன் சுடும் துப்பாக்கியிலும் இருப்பார்கள். கடைசி வரை நின்று கேட்டவர் சுண்டல் விற்கும் பையன். அவனும் "பெரியவரே, எத்தினி பொட்லம்?" என்று முடித்துவைத்தான்.

எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்தால் அவர் கைக்கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கும் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் நம்புகிறார்கள். வரிசையாகக் குனிந்து பளிங்கில் காதை ஒட்டுகிறார்கள். சித்தப்பா பகுத்தறிவுவாதி; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "1987-ல கட்டுன வாட்ச் இன்னுமா ஓடும்? பேட்டரி எவன் மாத்துறான்?" என்று சத்தமாகவே கேட்பார். எல்லோரும் வெளியே போனபின், செருப்பைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் மட்டும் திரும்பிப் போய்க் குனிந்ததைச் சித்தி பார்த்துவிட்டாள். "கேட்டுச்சா?" "கூட்டத்துல சரியாக் கேக்கல."

அலையில் அவர் கால் நனைக்க மாட்டார். யாராவது ஒருவர் செருப்புகளையும் கைப்பைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே. மருமகன்கள் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கத்துவார்கள். பிள்ளைகள் ஈர மணலோடு ஓடிவந்து அவர் மடியில் செல்போனைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். "ஆழத்துக்குப் போகாதீங்க! இங்க குளிக்கக் கூடாது, போலீஸ் பிடிக்கும்!" என்று அவர் குரல் கொடுப்பது அலைக்கே கேட்காது. இத்தனை வருஷச் சென்னை வாழ்க்கையில் வங்காள விரிகுடாவை அவர் பார்த்ததெல்லாம் ஒரு செருப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான். விருந்தாளி வராத மாதங்களில் அதுவும் இல்லை. வீடு, ஸ்டேஷன், சாயங்காலம் பிள்ளையார் கோவில். நேர்கோட்டில் பதினாலு கிலோமீட்டரில் கடல் இருக்கும் நினைப்பே வராது.

ஆனால் யாராவது "உங்க ஊர்ல என்ன இப்படிப் புழுங்குது?" என்று கேட்டுவிட்டால் அந்தப் பதினாலு கிலோமீட்டர் உடனே சுருங்கிவிடும். "கொஞ்சம் பொறு, கடல் காத்து கிளம்பிரும்." மே மாதத்தில் மேற்குக் காற்று மும்முரமாக அடிக்கும்போது கடல் காற்று கரையேறவே பிற்பகலாகும், தாம்பரம் வந்து சேர அதற்கும் மேல். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி அடித்ததே, அன்றும் ஊரிலிருந்து வந்த ஒருவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, "இந்தா, திரும்பிருச்சு பாரு" என்று விசிறியால் விசிறிவிட்டுக்கொண்டிருந்தாராம்.

தண்ணீர் விஷயத்தில்தான் அவரை மடக்க முடியும். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தபோது தாமிரபரணிக் கரைக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தார்.

"என்ன சித்தப்பா, கடலைப் பக்கத்துல வச்சிக்கிட்டு தண்ணிக்கு ஜோலார்பேட்டைக்கா போவாங்க?"

"நெம்மேலியில கடல் தண்ணியவே நல்ல தண்ணியாக்குறான். தெரியுமா உனக்கு?"

"உங்க வீட்டுக்கு வருதா?"

"எங்களுக்கு லாரி."

வெள்ளம் வேறு கதை. அதில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகள் மூழ்கின. சித்தப்பா வீட்டு வாசலில் மூன்று படிகள். தண்ணீர் இரண்டாவது படியில் நின்றது. அதைச் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார். 2023-ல் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதை டிவியில் காட்டினார்கள். கரண்ட் போவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வந்த எல்லாப் போன்களுக்கும் ஒரே பதில் சொன்னார்: "இங்க ஒண்ணுமில்ல. ரெண்டாவது படிதான்." அக்டோபர் பிறந்தால் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று காலையில் பல் தேய்க்குமுன் பார்ப்பார். முழுக் கொள்ளளவு 24 அடி. அந்த ஏரித் தண்ணீர் அடையாற்றில் போகும், தன் வீட்டுப் பக்கம் வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஊரார் கேட்டால் சொல்ல வேண்டுமே.

அண்மைக்காலமாகச் சித்தப்பாவின் தொழில் கொஞ்சம் மந்தம். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தபோது, ஊர் பஸ் எல்லாம் தாம்பரத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுவதால் விருந்தாளிகள் பெருகுவார்கள் என்றுதான் கணக்குப் போட்டார். நடந்தது வேறு. பிள்ளைகள் போனிலேயே ரூம் போடுகிறார்கள்; போனிலேயே கார் வருகிறது. போன மாதம் அண்ணன் மகன் குடும்பத்தோடு விசா நேர்காணலுக்கு வந்து, ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலில் தங்கி, மூன்றாம் நாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மெரினா படத்தைப் போட்டபோதுதான் அவன் வந்த சமாச்சாரமே சித்தப்பாவுக்குத் தெரிந்தது.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நிழல் காலடியிலேயே விழுந்திருந்தது. "மட்ட மத்தியானத்துல எவனாவது பீச்சுக்குப் போவானா? சொல்ல ஆளில்ல பாரு." பிறகு, "எங்க இறங்கினானாம்?" என்று கேட்டார். சித்தி குரூப்பைத் தடவிப் பார்த்து, எழும்பூர் என்றாள். அரை மணி நேரம் வீட்டில் பேச்சில்லை. அப்புறம் போனை எடுத்தார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "ராத்திரி எந்த வண்டி? கோச் நம்பர் என்ன?" என்றுதான் கேட்டார்.

அன்று இரவு பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, எஸ் 5 எங்கே நிற்குமோ அதற்கு நேராக, இட்லி, மிளகாய்ப் பொடி, மோர்சாதம், தண்ணீர் பாட்டிலோடு நின்றார். வண்டி வந்தது. அண்ணன் மகன் வாசலில் நெளிந்தான், "இல்ல சித்தப்பா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்..." என்று இழுத்தான். "சட்னி இல்ல, பொடிதான். நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்கும்" என்று பையைக் கையில் திணித்தார். விசா கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்திருந்தது. அடுத்த மாதம் மனைவியின் தங்கைக்கும் நேர்காணல் இருக்கிறது, அவள் முதன்முறையாக மெட்ராஸ் வருகிறாள் என்று அவன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"யாரு, நாங்குநேரிப் பொண்ணா? எந்த வண்டி? டிக்கெட் போட்டாச்சா?"

வண்டி நகர ஆரம்பித்தது. சித்தப்பா வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கூடவே நாலு எட்டு ஓடினார்.

"எக்மோர் வேண்டாம்னு சொல்லு! இங்கயே இறங்கச் சொல்லு! கிழக்குப் பக்கம்! ஏலே, கேக்கா? கூட்டம் போற பக்கம் போக வேண்டாம், கிழக்குப் பக்கம்!"